கொசுவை ஒழிக்க வேண்டாம், குறைத்தால் போதும்: தொற்றுநோய்க் கணக்கைத் தொடங்கிவைத்த ரொனால்ட் ராஸின் கதை

2020 லாக்டவுன் நாட்களை நினைவுபடுத்திப் பாருங்கள். டிவியைப் போட்டால் ஒரே பேச்சு: ஆர் எண். அது 1-க்கு மேலே இருந்தால் தொற்று பரவும், 1-க்குக் கீழே வந்தால் அடங்கும். கல்லூரி முடித்த பிறகு கணக்குப் பக்கமே போகாதவர்கள்கூட ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் கிராஃப் போட்டு விவாதித்தார்கள். அந்தச் சமயத்தில் தினமும் கிராஃப் போட்டே பிழைப்பு நடத்தியவர்களில் நானும் அடக்கம்.

அந்த 1 என்ற கோட்டுக்குப் பின்னால் இருக்கும் யோசனைக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. அதை எழுதி வைத்தவர் கணிதப் பேராசிரியர் இல்லை, கணிதத்தில் பட்டம்கூட வாங்காதவர். இந்தியாவில் பிறந்து, மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்து, ஊட்டி மலையடிவாரத்தில் மலேரியாவில் விழுந்து எழுந்த ஒரு ராணுவ டாக்டர். பெயர் ரொனால்ட் ராஸ்.

பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: மலேரியா கொசு மூலம் பரவுகிறது என்று கண்டுபிடித்தவர், நோபல் பரிசு பெற்றவர். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் ராஸே தன் கண்டுபிடிப்பைவிடப் பெரிதாக மதித்தது அதற்குப் பிறகு போட்ட கணக்கை. அதைப் பற்றித்தான் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

டாக்டராக விரும்பாத டாக்டர்

ராஸ் பிறந்தது 1857 மே 13, இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோராவில். அப்பா ஆங்கிலேய இந்திய ராணுவத்தில் அதிகாரி. எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு ஆசை ஓவியத்திலும் கவிதையிலும். அப்பாவுக்கு ஆசை, மகன் டாக்டராகி இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்று. யார் ஜெயித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நம் வீடுகளில் நடக்காத கதையா இது?

1874-ல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் சேர்ந்தார். படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஒரு தகுதித் தேர்வில் ஃபெயில். சில காலம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடிய கப்பல்களில் டாக்டர் வேலை பார்த்தார். மறுபடி எழுதி, பாஸ் பண்ணி, 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். போட்டது மெட்ராஸ் மாகாணத்தில்.

ராணுவ டாக்டருக்கு அப்போது ஓய்வு நேரம் நிறைய. ராஸ் கவிதை எழுதினார், நாவல் எழுதினார். கூடவே யாரும் சொல்லாமல் கணிதப் புத்தகங்களை வாங்கித் தானே படிக்க ஆரம்பித்தார். எதற்கு உதவும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. பிடித்திருந்தது, படித்தார்.

1883-ல் பெங்களூருவில் இருந்தபோது ஒரு சின்ன சம்பவம். தங்கியிருந்த வீட்டில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால், உள்ளே புழுக்கள் நெளிகின்றன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. கவனியுங்கள், ஒழியவில்லை, குறைந்தது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தம் இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

ஒரு கொசுவுக்கு ஓர் அணா

மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அந்தப் பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1880-ல் அல்போன்ஸ் லாவரான் என்ற பிரெஞ்சு டாக்டர், நோயாளியின் ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணி இருப்பதைப் பார்த்தார். சரி, அது ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு எப்படிப் போகிறது? 1894-ல் விடுமுறையில் லண்டன் போன ராஸிடம், பேட்ரிக் மேன்சன் என்ற மூத்த மருத்துவர் அந்த ஒட்டுண்ணியை மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். கொசுவாக இருக்கலாம் என்பது மேன்சனின் ஊகம். கொசு தண்ணீரில் செத்து விழ, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று அவர் நினைத்தார். பாதி சரி, பாதி தப்பு.

ராஸ் அதைப் பிடித்துக்கொண்டு 1895-ல் செகந்திராபாத் வந்து சேர்ந்தார். இரண்டு வருடங்களுக்கு மேல் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் இப்போது நமக்குத் தெரியும்: அவர் பார்த்துக்கொண்டிருந்தவை வேறு வகைக் கொசுக்கள்.

1897-ல் விடுமுறைக்கு ஊட்டி வந்தார். அப்போதும் சும்மா இருக்கவில்லை. மலேரியாவுக்குப் பேர்போன சீகூர் மலைப்பாதையில் இறங்கி ஆராய்ச்சி பண்ணினார். அவருக்கே மலேரியா வந்தது. குணமாகி செகந்திராபாத் திரும்பினார்.

ஆகஸ்ட் மாதம். கடும் புழுக்கம். விசிறி போட்டால் கொசு பறந்துவிடும், அதனால் விசிறி கிடையாது. வியர்வை பட்டு மைக்ரோஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன. ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, புதிதாகக் கிடைத்த ஒருவகைக் கொசுக்களைக் கடிக்கவிட்டார். இறக்கையில் புள்ளி புள்ளியாக இருந்த கொசுக்கள். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஹுசைன் கானுக்கு ஓர் அணா கூலி. 10 கொசு, 10 அணா.

1897 ஆகஸ்ட் 20. அந்தக் கொசுக்களில் ஒன்றின் வயிற்றுச் சுவரில், இருக்கக்கூடாத சில உருண்டைகளைப் பார்த்தார் ராஸ். உள்ளே கறுப்புத் துகள்கள், மலேரியா ஒட்டுண்ணியில் இருக்கும் அதே துகள்கள். ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக அனுசரிக்கப்படுவது இதனால்தான்.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பாராட்டு விழா? இல்லை. டிரான்ஸ்ஃபர்! ராஜபுதனத்தில் மலேரியா நோயாளிகளே அதிகம் கிடைக்காத கேர்வாராவுக்குத் தூக்கிப்போட்டார்கள். மேன்சன் தலையிட்ட பிறகுதான் 1898-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. அங்கே பிளேக் பீதி. ஊசி, ரத்தம் என்றாலே மக்கள் பயந்து ஓடினார்கள். அதனால் பறவைகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசு பிடித்தார், வளர்த்தார், கூடவே இரவு பகலாக உழைத்தார். 1898 ஜூலையில் விடை முழுதாகக் கிடைத்தது: ஒட்டுண்ணி கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போகிறது, அங்கிருந்து கடி வழியாக அடுத்த உடலுக்குள் போகிறது.

அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் ஜியோவானி பத்திஸ்தா கிராசியின் குழு, மனித மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் கொசு என்று நிரூபித்தது. யார் முதலில் என்று ராஸுக்கும் கிராசிக்கும் மூண்ட சண்டை கடைசி வரை ஓயவில்லை. 1902 நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் போனது. முகமது பக்ஸின் பெயரையும் ஹுசைன் கானின் பெயரையும் நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

மியான் மீர்: தோற்றுப்போன சோதனை

நோபல் வாங்கியாயிற்று, கொசுதான் காரணம் என்று தெரிந்தாயிற்று. அப்புறம் என்ன பிரச்சினை? இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

கொசு பிறக்கும் இடத்தை அழித்தால் மலேரியா குறையும் என்றார் ராஸ். பலர் சிரித்தார்கள். இந்தியா மாதிரி ஒரு நாட்டில் எல்லாக் கொசுவையும் எப்படி ஒழிப்பது? நியாயமான கேள்விதான். லாகூருக்கு அருகில் மியான் மீர் என்ற ராணுவ முகாமில் ஒரு சோதனை நடந்தது. 1902 முதல் 1909 வரை அங்கே குட்டைகளை மூடினார்கள், எண்ணெய் ஊற்றினார்கள், வாய்க்கால்களை அடைத்தார்கள். ஆனாலும் மலேரியா பெரிதாகக் குறையவில்லை. கொசுவைக் கட்டுப்படுத்துவது வீண் செலவு, கொய்னா மருந்து கொடுப்பதே வழி என்று இந்திய அரசு வட்டாரத்தில் கருத்து வலுத்தது.

ராஸ் கொதித்துப்போனார். சோதனை நடந்த பரப்பு மிகச் சிறியது, வெளியிலிருந்து கொசு வந்துகொண்டே இருக்கும், கொசு எவ்வளவு குறைந்தது என்று ஒழுங்காக எண்ணவே இல்லை என்றார். ஆனால் கோபப்பட்டால் மட்டும் போதுமா? எவ்வளவு பரப்பைச் சுத்தம் பண்ண வேண்டும்? எவ்வளவு கொசு குறைய வேண்டும்? இதற்கு மைக்ரோஸ்கோப்பில் பதில் இல்லை. மெட்ராஸில் பொழுதுபோக்காகப் படித்த கணக்கை எடுத்தார்.

முதல் கணக்கு 1904-ல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மாநாட்டில். ஒரு கொசு பிறந்த இடத்திலிருந்து இங்கும் அங்கும் தாறுமாறாகப் பறந்தால் எவ்வளவு தூரம் போகும்? பெரும்பாலானவை பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சுற்றும், சில மட்டும் தூரம் போகும். சுத்தம் செய்த பகுதியின் எல்லைக்கோட்டில் கொசு கிட்டத்தட்ட பாதிதான் குறையும், உள்ளே போகப் போகத்தான் பலன் தெரியும். சின்ன இடத்தைச் சுத்தம் பண்ணினால் அது முழுக்க எல்லையாகவே இருக்கும். மியான் மீரின் சிக்கல் புரிகிறதா? இந்தக் கேள்வியைப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனும் எடுத்துக்கொண்டார். இன்று பங்குச்சந்தை முதல் இயற்பியல் வரை பயன்படும் ரேண்டம் வாக் கணிதத்தின் ஆரம்பகால வேர்களில் ஒன்று இந்தக் கொசுக்கணக்கு.

48 கொசு: நீங்களே போட்டுப் பாருங்கள்

1907-ல் மலேரியாவைத் தடுக்க வழி சொல்லச் சொல்லி ராஸை மொரிஷியஸுக்கு அனுப்பினார்கள். தமிழகத்திலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளர்களின் தீவு அது. 1860-களின் மலேரியாக் கொள்ளைநோய் அங்கே பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கியிருந்தது. ராஸ் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். அந்த 1908 அறிக்கைக்குள் ஒரு கணக்கு இருந்தது. 1910-ல் வந்த மலேரியாத் தடுப்பு பற்றிய தன் புத்தகத்தில் அதை விரித்து எழுதினார்.

அவரது லாஜிக்கை எளிமையாக்கித் தருகிறேன். எண்கள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு நோயாளியைச் சுற்றி இருக்கும் கொசுக்களில் நான்கில் ஒன்றுதான் அவரைக் கடிக்கிறது. கடித்தவற்றில் மூன்றில் ஒன்றுதான், ஒட்டுண்ணி உள்ளே முதிர்வதற்குத் தேவையான பத்துப் பதினைந்து நாள் உயிரோடு இருக்கிறது. பிழைத்தவற்றில் நான்கில் ஒன்றுதான் இன்னொரு மனிதரைக் கடிக்கிறது. பெருக்குங்கள்: 4 x 3 x 4 = 48. அதாவது 48 கொசுக்களில் ஒன்றுதான் வேலையை முழுசா முடிக்கும்.

நோயாளி ஒரு மாதத்தில் குணமாகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

- ஆளுக்கு 48 கொசு: ஒருவர் குணமாவதற்குள் ஒருவருக்கு நோய். எண்ணிக்கை அப்படியே நிற்கும்.
- ஆளுக்கு 60 கொசு: ஒருவரிடமிருந்து 1.25 பேருக்கு. 100 நோயாளிகள் அடுத்த மாதம் 125, அதற்கடுத்த மாதம் 156.
- ஆளுக்கு 36 கொசு: ஒருவரிடமிருந்து 0.75 பேருக்கு. 100 நோயாளிகள் 75 ஆவார்கள், பிறகு 56, பிறகு 42. ஆறு மாதத்தில் 18. ஒரு வருடத்தில் வெறும் 3.

மூன்றாவது வரியை இன்னொரு தடவை பாருங்கள். அந்த ஊரில் ஆளுக்கு 36 கொசு இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. ராத்திரி கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மலேரியா தானாகவே செத்துக்கொண்டிருக்கிறது.

ராஸ் சொன்னது இவ்வளவுதான். எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டாம். ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, அதற்குக் கீழே கொண்டுவந்தால் போதும். பெங்களூரு தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வருகிறதா? 2020-ல் எல்லாரையும் வீட்டுக்குள் பூட்ட முடியாவிட்டாலும் தொடர்புகளைக் குறைத்தால் போதும் என்றார்களே, அதுவும் இதே லாஜிக்தான்.

ராஸுக்குப் பிறகு

ராஸ் அதோடு நிற்கவில்லை. மற்ற நோய்களுக்கும் இதே மாதிரி சமன்பாடுகள் எழுத முடியும் என்று நம்பினார். 1916, 1917-ல் வந்த ஆய்வுக் கட்டுரைகளில், கேம்பிரிட்ஜில் படித்த கணித வல்லுநர் ஹில்டா ஹட்சனும் அவருடன் சேர்ந்தார். இந்தத் துறைக்குப் பேத்தோமெட்ரி என்று பெயர்கூட வைத்தார் ராஸ். பெயர் ஒட்டவில்லை, துறை ஒட்டிக்கொண்டது.

1901-ல் ராஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனபோது கூடப் போனவர் ஆண்டர்சன் மெக்கண்ட்ரிக் என்ற இளம் டாக்டர். அவரும் இந்திய மருத்துவப் பணிக்காரர், பின்னாளில் கசௌலியில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டை நடத்தியவர். ராஸின் கணக்கு மோகம் இவருக்கும் தொற்றியது. 1927-ல் எடின்பரோவில் வில்லியம் கெர்மாக் என்பவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆய்வக விபத்தில் பார்வை இழந்தவர் கெர்மாக். மக்களை மூன்று பெட்டிகளாகப் பிரித்தார்கள்: தொற்று வரக்கூடியவர்கள், தொற்று உள்ளவர்கள், மீண்டவர்கள் அல்லது இறந்தவர்கள். இன்று உலகமே பயன்படுத்தும் எஸ்.ஐ.ஆர். மாடல் இதுதான் (வாக்காளர் பட்டியல் எஸ்.ஐ.ஆர். இல்லை!). கணக்கு சரியா என்று சரிபார்க்க அவர்கள் எடுத்த டேட்டா எந்த ஊருடையது தெரியுமா? பம்பாய். 1905-06 பிளேக் மரணங்கள்.

சொந்த வாழ்க்கையில் ராஸுக்கு நிம்மதி குறைவு. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-லேயே மூத்த மகன் போர்க்களத்தில் இறந்தார். கண்டுபிடிப்புக்குப் போதிய வெகுமதி தரவில்லை என்று அரசோடு மல்லுக்கட்டினார். கைதூக்கிவிட்ட மேன்சன் மீதே ஒரு கட்டத்தில் அவதூறு வழக்குப் போட்டார். பழகுவதற்குக் கஷ்டமான மனிதர் என்பதில் சந்தேகம் இல்லை. 1926-ல் லண்டனில் அவர் பெயரில் ராஸ் இன்ஸ்டிட்யூட் திறக்கப்பட்டது. 1932 செப்டம்பர் 16 அன்று, 75 வயதில் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தவர், அதே ராஸ் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநராக இருந்த ஜார்ஜ் மெக்டொனால்ட். 1950-களில் கணக்கை இன்னும் கூர்மையாக்கினார். கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுள்தான் முக்கியம் என்று காட்டினார். ஏன்? ஒரு கொசு ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 90% என்றால், 10 நாள் பிழைப்பவை சுமார் 35%. அதே வாய்ப்பை 80% ஆக்குங்கள். 10 நாள் பிழைப்பவை 11% கூட இல்லை! சுவரில் டிடிடி அடித்துக் கொசுவின் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலே பரவல் சரிந்துவிடும். நோயின் அடிப்படைப் பெருக்க எண், அதாவது நாம் பேசிய ஆர் எண், மலேரியாவுக்குள் வந்ததும் இவர் வழியாகத்தான்.

கோட்டை மறந்தால்?

சுதந்திரத்தின்போது இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் மரணங்கள் என்பது அரசு மதிப்பீடு. 1953-ல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் ஒழிப்புத் திட்டம். 1960-களின் நடுவில் நோயாளிகள் எண்ணிக்கை 1 லட்சம் அளவுக்கு இறங்கியது. வேலை முடிந்தது என்று கவனம் சிதறியது, மருந்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் எதிர்ப்புத் திறன் வளர்ந்தது. 1976-ல் மறுபடி 64 லட்சத்துக்கு மேல்.

நோயாளிகளைக் குறைப்பதும், நோய் பரவும் சூழலைக் கோட்டுக்குக் கீழேயே வைத்திருப்பதும் ஒன்றல்ல. 36 கொசு ஊரில் வேலையை நிறுத்திவிட்டால் அது திரும்பவும் 60 கொசு ஊராகிவிடும். மிச்சமிருக்கும் 3 நோயாளிகள் போதும், கதை முதலிலிருந்து ஆரம்பிக்க. 2030-க்குள் மலேரியா இல்லாத இந்தியா என்ற இலக்கை நோக்கி இப்போது போய்க்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கை குறையும் ஒவ்வொரு வருடமும் 1976 நினைவில் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் கோடிங் எழுதுபவர்கள், சிலர் எக்செல் ஷீட்டில் நாளைக் கழிப்பவர்கள். தொற்றுநோய் மாடலிங் இன்று முழுநேரத் துறை. டாக்டர் மட்டுமல்ல, கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல், இயற்பியல் படித்தவர்களும் முதுநிலைப் படிப்புக்கும் பிஎச்டிக்கும் இதற்குள் வருகிறார்கள். சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் உயிரிப் புள்ளியியல் படிக்கலாம். தேவைப்படும் அடிப்படைக் கருவிகள் நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு, கொஞ்சம் புரோகிராமிங். ஆனால் ஒன்று: ஊரில் யாரும் கொசுவை எண்ணவில்லை என்றால், குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து யாரும் குறித்து வைக்கவில்லை என்றால், எந்த மாடலுக்கும் உள்ளே போட எண் கிடையாது. மியான் மீரைப் பற்றி ராஸ் கோபப்பட்டதில் ஒரு பாதி அதுதான்.

அடுத்த முறை மாநகராட்சி ஊழியர் வீட்டுக்கு வந்து மொட்டைமாடித் தொட்டியைத் திறந்து பார்க்கிறேன் என்றால், சலித்துக்கொள்ளாமல் கதவைத் திறந்துவிடுங்கள். அவர் கையில் இருக்கும் நோட்டில்தான் அந்தக் கணக்கு தொடங்குகிறது.